பாதி மொட்டை

என் மகள் தலையில் பேன் இருக்கிறது என்பதை எனக்குச் சொன்னது அவள் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப். டீச்சர் யார் பெயரையும் போடவில்லை. நாலாம் வகுப்பில் சில பிள்ளைகளுக்குப் பேன் தொல்லை இருக்கிறது, பெற்றோர் கவனித்துச் சரிசெய்த பிறகு அனுப்பவும் என்று மட்டும் எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். யாரப்பா அந்தச் சில பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டே தலையைத் தூக்கினேன். எதிரே டிவி முன்னால் என் மகள் ஒரு கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பின்னந்தலையைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்துகொண்டிருந்தாள்.

அன்று திங்கட்கிழமை. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து எனக்கு விமானம்.

நான் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். ஒன்பது வருடமாக அங்கேதான். என் மகளுக்கும் ஒன்பது வயதுதான், அதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. இந்தத் தடவை பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டேன். லீவின் கடைசி வாரம், பார்த்து வைத்தது மாதிரி, என் மனைவியின் தங்கைக்குப் பிரசவம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேறு ஆள் இல்லை என்று என் மனைவி முந்தின சனிக்கிழமையே கிளம்பிவிட்டாள். கேஸ் எப்படி மூடுவது, பால்காரர் எப்போது வருவார், பிள்ளைக்கு எந்தச் சட்டை எந்த நாளில் என்று எல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிறுதோறும் பிள்ளைக்குத் தலை வாரிப் பேன் பார்க்கும் வழக்கத்தை மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு ஞாயிறு தவறியதில் பேன்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. லீவில் வந்தால் எல்லாரும் தூங்குவார்கள், விருந்துக்குப் போவார்கள். நான் வந்த ஒரு மாதத்தில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றி மாட்டினேன், கேட்டுக்குக் கீல் மாற்றினேன், அண்ணன் வீட்டு மின்விசிறிகளை எல்லாம் இறக்கி எண்ணெய் விட்டேன். லீவில் வந்த மனுஷன் மாதிரி இல்லை, காண்டிராக்ட் எடுத்து வந்தவர் மாதிரி இருக்கிறீர்கள் என்று என் மனைவி சொல்வாள். ஒரு பொருள் பழுதாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அது சரியாகும்வரை எனக்குச் சோறு இறங்காது.

என் மகளைத்தான் எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியவில்லை. வீடியோ காலில் அவள் வாய் ஓயாமல் பேசுவாள். "அப்பா, நீ இதப் பாரு, நீ அதப் பாரு" என்பாள். நேரில் வந்ததும் "நீங்க" ஆகிவிட்டேன். நான் இருக்கும் அறைக்குள் அவளாக வருவதில்லை. ஏதாவது படம் வரைந்து காட்ட வேண்டுமென்றால் கையை நீட்டி, என் மூக்குக்கு முன்னால், செல்போன் கேமராவுக்குக் காட்டுகிற தூரத்தில் காகிதத்தைப் பிடிப்பாள். நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். போவதற்குள் இந்தப் பிள்ளை ஒரு தடவையாவது தானாக என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்பதுதான் எனக்கு அந்த லீவில் இருந்த ஒரே ஆசை. அதற்கு இனி ஆறு நாள்தான் இருந்தது.

திங்கட்கிழமையே பைக்கை எடுத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டி போய் மருந்துக்கடையில் பேன் லோஷன் வாங்கினேன். கடைக்காரர் நிதானமான ஆள். தடவிப் பத்து நிமிஷம் விட்டு அலசுங்கள், பேன் சீப்பால் வாருங்கள், ஈர் பொரிந்து வரும், ஏழு எட்டு நாள் கழித்து மறுபடி ஒரு தடவை போடுங்கள் என்றார். ஏழு எட்டு நாள் கழித்து நான் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் வெயிலில் நின்று கம்ப்ரசரைத் திறந்துகொண்டிருப்பேன். ஒரே தடவையில் போகிற மாதிரி வேறு ஏதும் இல்லையா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

லோஷன் போட்டேன். மறுநாள் வெள்ளைத் துண்டை விரித்து அவளை முன்னால் உட்காரவைத்துச் சீப்பைப் பிடித்தேன். அவள் முடி இடுப்பைத் தொடும். அடர்த்தி, சுருட்டை. அவள் அம்மா நாலு வருடமாகக் கத்தரி படாமல் வளர்த்தது. பேன் சீப்பின் பல்லோ நெருக்கமான பல். ஒரு இழுப்புக்கு இரண்டு பேனும் நாலு முடியும் வந்தன. அவள் சத்தமே போடவில்லை. முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துண்டில் பேனோடு சேர்ந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்ததைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வலித்தால் வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று கத்தினேன். வலிக்கவில்லை என்றாள். கால் மணி நேரத்தில் சீப்பைப் போட்டுவிட்டு எழுந்து கொல்லையில் போய் நின்றேன். அழுத பிள்ளையிடம் கத்திவிட்டு வந்து நின்ற வெட்கம் இப்போதும் எனக்கு இருக்கிறது.

அடுத்த வீடு அண்ணன் வீடு. புதன்கிழமை காலையில் அண்ணி வந்து பிள்ளையின் தலையை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். சீத்தாப்பழ விதையை அரைத்துப் போடலாம் என்றார். கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், வேண்டாம் என்றேன். அப்படியென்றால் தினமும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான், பத்து நாளாவது ஆகும் என்றார். அவர் பார்த்துத் தருவார்தான். ஆனால் பகலெல்லாம் நூறுநாள் வேலைக்குப் போய்விடுகிறார். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு பேன் பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கூடவே கூடாது. இப்படி ஒன்றொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் என் ஆறு நாளில் மிஞ்சியது ஒன்றுமில்லை. போகும்போது அண்ணி என் கையிலிருந்த சீப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"பேன் பாக்கறது உக்காந்து பாக்குற வேல தம்பி. உங்களுக்கு அது வராது."

அன்று சாயங்காலம்தான் என் மகள், நான் எதுவும் கேட்காமலே, பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமையே தன்னைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்துவிட்டார்கள் என்று சொன்னாள். புகார் மாதிரிகூட இல்லை. மழை பெய்தது என்று சொல்வது மாதிரி சொன்னாள். காதுக்குப் பின்னால் சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் நேரம் என்று தெரிந்தும் பைக் சாவியை எடுத்தேன், வைத்தேன், மறுபடியும் எடுத்தேன். கடைசியில் அலமாரியைத் திறந்து, வளைகுடாவிலிருந்து நான் கொண்டுவந்த முடி வெட்டும் மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை அவளை முற்றத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து, முடியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மொட்டை போட்டால் பேன் ஒரே நாளில் போய்விடும், மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும் என்றேன். அவள் சடையை முன்பக்கம் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "அம்மா?" என்றாள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வேலையில் யாரும் எதிர்த்துப் பேசாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவோம். கத்தரியால் சடையைக் கழுத்தோடு வெட்டினேன். அது கையில் இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மெஷினை மாட்டி வலது பக்கத்திலிருந்து ஓட்டினேன். நெற்றியிலிருந்து உச்சிவரை சுத்தமாக வந்தது. வேலை பிடிபட்டதும் எனக்கு மனசு லேசானது. விசிலடித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

சரியாக ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.

மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை மின்சாரம் இருக்காது என்று அண்ணன் இரண்டு நாள் முன்பே என் செல்போனுக்கு அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தேன், இருந்தது. மின்சாரத்தோடு பிழைப்பு நடத்துகிறவன் நான்.

அவள் எழுந்து பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். வலது பக்கம் மொட்டை. இடது பக்கம் தோள்வரை முடி. தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அழப் போகிறாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் கரண்ட் எப்போது வரும் என்று மட்டும் கேட்டாள். ஐந்து மணிக்கு என்றேன். சலூனுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, இப்படியே தெருவில் வரமாட்டேன் என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் சவரக் கத்தி இருந்தது. கையில் எடுத்தேன், அவள் காதுக்குப் பின்னால் இருந்த புண் நினைவுக்கு வந்தது, வைத்துவிட்டேன். கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தேன். மெயின் சுவிட்சைக்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணி, வேலைக்குப் போகும் வழியில், ஒரு கிண்ணத்தில் மீன் குழம்போடு உள்ளே வந்தார். பிள்ளை தலையிலிருந்து துண்டு நழுவியது. அண்ணி கிண்ணத்தை அப்படியே தரையில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. எங்கள் பக்கம் வீட்டுக்குள் தலை மழிப்பது துக்கத்துக்கு மட்டும்தான்.

பேனுக்குத்தான் அண்ணி என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் உங்களுக்கு வராது என்று நேற்றுத்தான் சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் பொறுக்க முடியாமல் பிள்ளையின் முடியை வெட்டிவிட்டேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"வேண்டுதல் அண்ணி" என்றேன்.

வீட்டிலா என்று கேட்டார். இல்லை, கோயிலில்தான், முடி அதிகமாக இருக்கிறதே, அங்கே சுலபமாக இருக்கட்டுமென்று பாதியை இங்கேயே என்று ஏதோ உளறினேன். என் காதுக்கே அது பொய்யாகத்தான் கேட்டது. அண்ணி பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை என்னைப் பார்த்தது. அண்ணியோ அடுத்த நொடி கன்னத்தில் போட்டுக்கொண்டு, எதற்கு வேண்டுதல் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், வெளியே சொல்லக் கூடாது, பாதி மொட்டையோடு பிள்ளையை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது, இப்போதே கிளம்புங்கள் என்று எங்களை விரட்டினார். பிள்ளைக்கு ஒரு குல்லாவைத் தேடி மாட்டிவிட்டு, தாடையைப் பிடித்து நிமிர்த்திச் சொன்னார்.

"சாமிகிட்ட நல்லா கேளு. முடி குடுக்குற பிள்ள கேட்டா அம்மன் இல்லன்னு சொல்ல மாட்டா."

எங்கள் குலதெய்வம் கோயிலுக்குப் பைக்கில் முக்கால் மணி நேரம். அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாளாக இருந்தது. தாளுக்கு நடுவே உளுந்து பூவெடுத்துக்கொண்டிருந்தது. மெஷின் சுருட்டிப் போட்ட வைக்கோல் கட்டுகள் ரோட்டோரம் வரிசையாகக் கிடந்தன. எதையும் பார்க்கிற நிலையில் நான் இல்லை. பொய்யை எப்படியாவது மதியத்துக்குள் மெய்யாக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வேகத்தடைகளில்கூட வேகத்தைக் குறைக்கவில்லை. ஆற்றுப் பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து இரண்டு கைகள் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தன. மெதுவாகப் போங்கள் என்றாள். அப்படிப் பிடித்தது அந்த லீவில் அதுதான் முதல் தடவை. அதன் பிறகு மெதுவாகத்தான் போனேன்.

பூசாரி போன் போட்டதும் முடி எடுப்பவர் டீக்கடையிலிருந்து வந்தார். குல்லாவைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இந்த வேலையை யார் செய்தது என்றார். கரண்ட் போய்விட்டது என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். தேய்த்த கை சற்று நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார், முடி விழுவதற்குப் போட்டிருந்த பேப்பரைத் தன் மடியிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி விரித்துக்கொண்டார், பூசாரியிடம் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மனுஷனுக்கு நான் இன்னும் நன்றிக் கடன்பட்டிருக்கிறேன். கத்தி வழித்து முடித்ததும் என் மகள் தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய சடையை வெளியே எடுத்தாள். நான் அதை முற்றத்திலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்தேன். அவள் அதை விழுந்து கிடந்த முடியின் மேல், ரிப்பன் முடிச்சைக்கூட அவிழ்க்காமல் வைத்தாள். அம்மனுக்கு முடியோடு பேனையும் சேர்த்துத்தான் கொடுத்தோம்.

தலையில் சந்தனம் பூசிக்கொண்டு சன்னதி முன் நின்று கண்ணை மூடினாள். நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாட்ச்சைப் பார்த்தேன். பெட்டி கட்ட வேண்டும், டிக்கெட் பிரிண்ட் எடுக்க வேண்டும், மனைவிக்கு என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். போதும்மா வா என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே, பொறுங்கள் என்பதுபோல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். பூசாரி கற்பூரத்தட்டோடு காத்திருந்தார். அவ்வளவு நேரம் ஒரு பிள்ளை கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் என் மனைவியின் போன். அண்ணி சொல்லிவிட்டிருக்கிறார். அவள் முடியைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்துப் பதில் தயார் செய்துவைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"என்ன வேண்டுதல்? யாருக்கு என்ன?"

சும்மாதான் என்றேன். அவள் குரல் உடைந்தது. அங்கே மெடிக்கல் டெஸ்ட்டில் ஏதாவது சொல்லிவிட்டார்களா, வந்ததிலிருந்து ஓர் இடத்தில் உட்காராமல் அலைந்தீர்களே, எதை மறைக்கிறீர்கள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். வெளிநாட்டில் புருஷன் இருக்கும் வீடுகளில் பெண்கள் எதற்கு எப்படிப் பயப்படுகிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பூசி மெழுகப் பார்த்தேன், முடியவில்லை. பேனுக்குத்தான், அண்ணி கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"முடி போச்சு, சரி" என்றாள். "சாமி பேரச் சொல்லிட்டீங்களே. பிள்ள நிஜம்னுதான் நெனச்சிருப்பா. போறதுக்கு முன்ன அவகிட்ட உண்மையச் சொல்லிட்டுப் போங்க."

வெள்ளி முழுவதும் அதைச் சொல்ல நான் சந்தர்ப்பம் தேடினேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். பெட்டியைக் கட்டினேன், அவிழ்த்தேன், எடை பார்த்தேன், மறுபடியும் கட்டினேன். சனிக்கிழமை காலை என் மனைவி வந்துவிட்டாள். பிள்ளையின் தலையைத் தடவித் தடவிச் சிரித்தாள், அப்புறம் சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். சொல்லிவிட்டீர்களா என்று என்னிடம் கண்ணால் மட்டும் கேட்டாள்.

மதியம் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது என் பின்னந்தலை அரித்தது. சொறிந்தேன். மறுபடியும் அரித்தது. நிமிர்ந்தால் என் மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் வெள்ளைத் துண்டையும் பேன் சீப்பையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்கும் வந்திருக்கு. வந்து உக்காருங்க" என்றாள்.

கொல்லைப் படியில் நான் கீழே உட்கார்ந்தேன். அவள் மேல்படியில் உட்கார்ந்து என் தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவே சாய்த்துக்கொண்டாள். என் முடி சின்ன முடி, சீப்புக்கு வேலையே இல்லை. விரலால்தான் பார்த்தாள். அவள் அம்மா கற்றுக்கொடுத்த விரல். விலக்கி, நிறுத்தி, இரண்டு நகத்துக்கு நடுவே வைத்து நசுக்கும்போது டிக் என்று சத்தம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பத்து நிமிஷம், அரை மணி ஆகியும் எழுந்திருக்கத் தோன்றவே இல்லை. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. நாளைக்கு இந்நேரம் இங்கே இருக்க மாட்டேன் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது. வேண்டுதல் எதுவும் இல்லைம்மா, அப்பா பெரியம்மாவிடம் பொய் சொல்லிவிட்டேன், உன் முடியைப் பேனுக்காகத்தான் எடுத்தேன் என்றேன்.

"தெரியும்" என்றாள்.

விரல் நிற்கவில்லை.

"பேனுக்குத்தான் எடுத்தீங்க. ஆனா முடி போயிடுச்சுல்ல? அது சும்மா போகணுமா? அதான் நானே ஒண்ணு கேட்டுக்கிட்டேன்."

என்ன கேட்டாய் என்றேன். வெளியே சொல்லக் கூடாதாம், பெரியம்மா சொல்லியிருக்கிறாராம். டிக் என்று ஒன்றை நசுக்கினாள்.

"ஆனா நாளைக்குத் தெரிஞ்சிடும்" என்றாள்.

பெட்டி உள்ளே கட்டித் தயாராக இருந்தது. நாளைக்கு அது நடக்கவில்லை என்றால் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவள் என் முடியை இன்னொரு பக்கம் விலக்கினாள்.

"முடி வளரும்ல. வளந்ததும் மறுபடி குடுத்துக்கலாம்."

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கப் போனேன். இரண்டு கையாலும் என் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"தலைய ஆட்டாதப்பா. ஒண்ணு ஓடுது."

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். வண்டி கிளம்பும்போது அவள் அழவில்லை. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, கடைசி நேரத்தில் ஏதாவது நடக்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை, அன்றுதான் வீடியோ கால். மறுபடியும் "நீ"தான். எடுத்ததும் அவள் தலையைக் குனிந்து கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுவாள். முதலில் திரை முழுக்கக் கறுப்புப் புள்ளிகளாக இருந்தது. அப்புறம் புல் மாதிரி. அப்புறம் நடு வகிடு எடுக்க வந்தது. பேன் இல்லவே இல்லை, தோழியோடு முதல் பெஞ்சில்தான் உட்கார்கிறேன் என்றாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் அந்த முடி இன்னும் கொஞ்சம் நீண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பயமாகவும் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுகிறேன், ஏசி பழுதாகாத ஊர் எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் இரண்டு தடவை பேசியும்விட்டேன். நீங்கள் முடிவு செய்யுங்கள் என்றாள். மேனேஜரிடம்தான் பேசவில்லை.

போன வெள்ளி அவள் இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றை இழுத்து நீட்டிக் காட்டினாள்.

"இவ்ளோ போதுமாப்பா, குடுக்கறதுக்கு?"

இன்னும் கொஞ்சம் வளரட்டும்மா என்றேன். சரி என்றாள். போனை வைத்ததும் அறைத் தோழரிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்து மேனேஜருக்கு ராஜினாமாக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். மூன்று வரி எழுதிவிட்டு எழுந்துவிட்டேன்.